ஒன்பதாம் வகுப்புக்கு யார் போவது?

எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு மேசைகள். ஜன்னலோரம் இருப்பது பி.ஜி. மேசை, +1, +2 எடுக்கும் முதுகலை ஆசிரியர்களுக்கு. கதவோரம், மதிய வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் இருப்பது பி.டி. மேசை, பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு. யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. ஆனாலும் புதிதாக வரும் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்கூட தப்பித்தவறி ஜன்னலோரம் டிபன் பாக்ஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. இதற்கு முன் இருந்த பள்ளியிலும் இப்படித்தான். அங்கே இருபது வருடம் நான் ஜன்னல் மேசையில் சாப்பிட்டவள். வேதியியல் முதுகலை ஆசிரியர். 2023-ல் பதவி உயர்வு கலந்தாய்வில் தலைமை ஆசிரியர் ஆனேன். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் ஒரு பெரிய கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளி. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

இந்த மேசைப் பிரிவினை 1978-ல் தொடங்கியது என்பது என் கணிப்பு. அதற்கு முன் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும், பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1978-ல் +2 வந்தது. என் பெரிய அண்ணன் அந்த முதல் செட். கல்லூரியில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டுவந்து பள்ளிக்கூடத்து மாடியில் நட்டார்கள். கூடவே எம்.ஏ., எம்.எஸ்சி. படித்தவர்களும் மாடி ஏறினார்கள். சம்பளம் வேறு, சீனியாரிட்டி லிஸ்ட் வேறு, சங்கம்கூட வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடம். மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பதைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: "கீழே ஒண்ணும் சொல்லிக் கொடுக்காம அனுப்பிடறாங்க." நானும் அதை வருடம் தவறாமல் ஜூன் மாதத்தில் சொல்லியிருக்கிறேன்.

தலைமை ஆசிரியராகச் சேர்ந்த அன்று எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு சாவிக்கொத்து. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு சாவி. அதில் ஒன்பது எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அப்புறம் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் நிதி, இரண்டாம் நாள் பணி விதிகள், மூன்றாம் நாள் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் எதை எங்கே பதிவேற்ற வேண்டும் என்பது. மூன்றுமே தேவைதான், குறை சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு கையெழுத்து தவறினால் முப்பது வீட்டில் அடுப்பு எரியாது. விலையில்லா சைக்கிள் வரும்போது தினமும் மாலையில் எண்ணிப் பார்க்காவிட்டால் ஒரு பெடல், இரண்டு பெல் என்று காணாமல் போகும். ஆனால் ஒரு தலைமை ஆசிரியர் வகுப்பறைக்குள் போனால் எங்கே உட்கார வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், வெளியே வந்து அந்த ஆசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளில் மூன்று நிமிடம்கூட யாரும் பேசவில்லை. நல்லா பாடம் நடத்தினால் நல்லா பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று ஒரு நம்பிக்கை. நல்லா சமைக்கிறவரைக் கூப்பிட்டுக் கல்யாண மண்டபத்தை நடத்தச் சொல்வது மாதிரி.

விளைவு உடனே தெரிந்தது. இரண்டாவது வாரம் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சரின் வகுப்புக்குப் போனேன். கடைசியில் நின்றுகொண்டு, பிள்ளைகள் முன்னாலேயே, "எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க டீச்சர், பின்னாடி தெரியலை" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் அந்த டீச்சர் ஒரு மாதம் என்னிடம் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசவில்லை. பதினெட்டு வருட சர்வீஸ் உள்ளவர். என் மீது தப்பு.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் எனக்குப் பழக்கம். போனில் புலம்பினேன். "கிளாஸுக்குள்ள போனா டீச்சரைப் பார்க்காதேம்மா. பசங்க பக்கத்துல உட்கார்ந்து நோட்டைப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் குக்கர் விசிலடித்துவிட்டது, வைத்துவிட்டார்.

மறுநாள் 9-பி பிரிவுக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு ஒரு சந்தி. சுற்றுவட்டாரத்தில் நான்கு நடுநிலைப் பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரை. அங்கே முடிக்கிற பிள்ளைகள் எல்லாம் எங்களிடம் ஒன்பதில் வந்து சேர்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே எங்களிடம் இருப்பவர்கள் 9-ஏ, புதிதாக வருகிறவர்கள் பி, சி. யாரும் திட்டமிட்டுச் செய்தது இல்லை. அட்மிஷன் ரெஜிஸ்டரில் வரிசையாக எழுதியதால் வந்தது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி. அதைத் தமிழ்நாடு விடாமல் வைத்திருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கி வீட்டுக்கு அனுப்பினால் அது பெங்களூரில் சித்தாள் வேலைக்குத்தான் போகும், எங்கள் பக்கத்தில் அதற்குத் தினமும் பஸ் இருக்கிறது. ஆனால் தேர்ச்சி போட்டு அனுப்புகிற பிள்ளை எதைக் கற்றது, எதை விட்டது என்று ஒரு துண்டுச் சீட்டாவது கூடவே வர வேண்டாமா? வருவது டி.சி. மட்டும்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில் கோடு, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு, ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சரின் டிக். "இதைப் படிப்பா" என்று ஒரு சொல்லைத் தொட்டேன். ஒளிச்சேர்க்கை. விரலை வைத்தான். "ஒ... ளி..." அதோடு நின்றது. அடுத்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "ஒளிவிளக்கு" என்றான். என் முகத்தில் பதில் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. எட்டு வருடமாக அப்படித் தேடித்தான் பிழைத்திருக்கிறான். அவனுக்கு அது எழுத்து இல்லை, கோலம். பார்த்துப் பார்த்து அழகாக வரைந்திருக்கிறான். டிக் போட்டவர்களையும் நான் குறை சொல்ல முடியாது. நாற்பத்தைந்து நோட்டு, ஒரு பீரியட். நானாக இருந்தாலும் கோலத்துக்கு டிக்தான் போட்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க பி, சி பிரிவுகளில் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசிக்க முடியாதவர்கள் வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சரி, இவர்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்று டைம்டேபிளை எடுத்துப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தை அடையாளம் காண வேண்டுமானால் ஆண்டு மலரைப் பார்க்கக் கூடாது, டைம்டேபிளைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் காலை முதல் பீரியட், பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரம், +2 இயற்பியலுக்கும் கணக்குக்கும். அடுத்தது பத்தாம் வகுப்பு. எல்லோரும் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்கிற ஆசிரியர்கள் பொதுத் தேர்வு வகுப்புகளில். மிச்சம் இருக்கிறவர்கள், மிச்சம் இருக்கிற நேரத்தில், 9-பி. ஒரு பாடத்துக்கு ஆளே இல்லாமல் மேலாண்மைக் குழு தற்காலிகமாக எடுத்த பெண்ணைப் போட்டிருந்தார்கள். பி.எட். முடித்து ஆறு மாதம் ஆனவர். பள்ளிக்கூடத்திலேயே கஷ்டமான வகுப்பு, பள்ளிக்கூடத்திலேயே அனுபவம் குறைந்த ஆசிரியருக்கு. ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்தால் கேஸ் போடுவார்கள்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன்: ஒன்பதாம் வகுப்பு மூன்று பிரிவுக்கும் முதல் பீரியட் ஒன்றாக வரும்படி போடப் போகிறேன். அந்த ஒரு பீரியட்டில் ஏ, பி, சி கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் ஒரு பக்கம், சொல் வரும் வாக்கியம் வராது என்பவர்கள் ஒரு பக்கம், வாசிப்பவர்கள் ஒரு பக்கம். பி.ஜி., பி.டி. என்று பார்க்காமல் அனுபவம் உள்ளவர்கள் முதல் குழுவுக்கு வர வேண்டும்.

அமைதி. அப்புறம் இயற்பியல் சார் எழுந்தார். "மேடம், நான் +1, +2-க்கு அப்பாயிண்ட் ஆனவன். அ ஆ சொல்லிக் கொடுக்க எனக்கு டிரெயினிங் கிடையாது."

அவர் சொன்னது தட்டிக்கழிப்பு என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், அவர் சொன்னது உண்மை. எனக்கும் கிடையாது. நான் பி.எட். படித்த 1994-95-ல் ஒரு வருடப் படிப்பு. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி உண்டு. ஐந்தாறு நிமிடப் பாடம், கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். எம்.எஸ்சி. முடித்த மாணவர்கள்! எந்தக் கேள்வி கேட்டாலும் சரியான பதில். பாடம் நடத்த ஹெர்பார்ட் என்கிற கல்வியாளர் சொன்ன படிகளைப் படி தவறாமல் பாடத்திட்ட நோட்டில் எழுதினோம். சார்ட்டைத் தட்டி போர்டு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து வரைந்தோம். வாசிக்கத் தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அந்த வருடத்தில் யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை.

2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல மாற்றம். நடைமுறையில் அவர்கள் வந்ததும் நாங்கள் செய்வது என்ன? லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். எமிஸில் ஆதார் எண் ஏற்றச் சொல்வோம். கடைசி வாரத்தில் நாற்பது பாடத்திட்டத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவோம். ஒரு பக்கம் புரட்டிக்கொண்டே டீ குடிப்போம். நானும் போட்டிருக்கிறேன், இரு கையிலும் எழுதத் தெரிந்திருந்தால் இன்னும் வேகமாகப் போட்டிருப்பேன்.

சரி, இயற்பியல் சார் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் மறுநாள், "சார், எனக்கும் தெரியாது. நான் முதல் குழுவில் பாதியை எடுக்கிறேன், நீங்கள் பாதியை எடுங்கள், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எது வேலைக்கு ஆகவில்லை என்று பேசலாம்" என்றேன். தலைமை ஆசிரியர் தனக்குத் தெரியாது என்று சொன்னதாலோ என்னவோ, வந்தார். ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பையன்கள் முறைத்தார்கள். மீசை அரும்பின பிள்ளைக்கு அணில், ஆடு படம் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும். முதல் மாதம் முழுக்கத் தோல்வி. ஒரு பையன் அந்தப் பீரியட்டுக்காகவே லேட்டாக வர ஆரம்பித்தான்.

ஒரு நாள் சார் தன் வீட்டுக் கரண்ட் அட்டையைக் கொண்டுவந்தார். மறுநாள் அவரவர் வீட்டு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். முதல் வரியில் அப்பா பெயரோ தாத்தா பெயரோ இருக்கும். அதை வாசிக்க எந்தப் பையனும் வெட்கப்படவில்லை. அப்புறம் தேதி, அளவீடு, யூனிட். நூறு யூனிட் இலவசம் என்றால் இந்த முறை ஏன் காசு கட்டினோம் என்று ஒருவன் கேட்டான். சார் கரும்பலகைக்குத் திரும்பியவர் மணி அடித்த பிறகும் நிற்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகவில்லை. அதற்கடுத்து ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, பஸ் போர்டு, மருந்துக் கடை சீட்டு. ஒளிவிளக்குப் பையன் தீபாவளி சமயத்தில் தினசரியில் கபடிச் செய்தியை விரல் வைக்காமல் வாசித்தான். மெதுவாகத்தான். முகத்தைத் தேடவில்லை.

எல்லோருக்கும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேல். சிலர் பொங்கலுக்கு அப்புறம் வரவில்லை. வேர்க்கடலை அறுவடை, அப்புறம் பெங்களூர். இரண்டு பேருக்கு நாங்கள் என்ன செய்தும் எழுத்து நிற்கவில்லை. அவர்களுக்குச் சிறப்பாசிரியர் வேண்டும். எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார்.

அந்த வருடம் வந்த பி.எட். பிள்ளைகளிடமும் புதிதாக ஒன்று செய்து பார்த்தேன். முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு மாணவர். கூடவே உட்கார வேண்டும், ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு பெண் தன் மாணவியைப் பற்றி முதல் வாரத்தில், 'ப'வையும் 'ய'வையும் குழப்புகிறாள் என்று எழுதியிருந்தாள். இரண்டாம் வாரம் அதை அடித்துவிட்டு, 'குழப்பவில்லை. போர்டு தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள், அவள் தப்பாக எழுதினால் இவளும் தப்பு.' கண் பரிசோதனைக்கு அனுப்பினோம், கண்ணாடி வந்தது. மூன்று வருடமாக எங்கள் யார் கண்ணிலும் படாத கண். அந்தப் பெண்ணின் கல்லூரியில் அந்த நோட்டுக்கு மதிப்பெண் கிடையாதாம். சார்ட்டுக்கு உண்டு.

இதற்கெல்லாம் விலை கொடுக்காமல் இல்லை. அந்த வருடம் +2 தேர்ச்சி விகிதம் இரண்டு சதவீதம் குறைந்தது. முதல் பீரியட் பறிபோனதால்தான் என்று சொன்னவர்கள் உண்டு, அந்த செட்டே சுமார்தான் என்றவர்களும் உண்டு. எது என்று எனக்கே தெளிவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார் ஒரு அதிகாரி. நின்றேன். ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மொத்த மண்டபமும் நிற்க வேண்டியிருக்கும்.

2017 மாற்றங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் மே மாதத்தில் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். நான் பார்த்த சீர்திருத்தங்களில் ஒரு பைசா செலவில்லாமல் நடந்த நல்ல காரியம் அது. கூடவே +1-க்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள், 2017-18-லிருந்து. காரணம் நியாயமானது: பல தனியார் பள்ளிகள் +1 பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் +2-வையே ஓட்டிக்கொண்டிருந்தன. ஆனால் மருந்து சாப்பிட்டது நாங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு. அடுத்த வருடமே உயர்கல்விக்கு +1 மதிப்பெண் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பயன் போனது, பயம் மட்டும் நின்றது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தத் தேர்வை எடுத்தார்கள். இந்த வருடம் எங்கள் +1-க்குப் பொதுத் தேர்வு இல்லை. பழைய நோய் திரும்புமா என்றால், கொஞ்சம் திரும்பும். அதற்குத் தேர்வு காவல் அல்ல, ஆய்வுக்கு வருகிறவர் +1 நோட்டைத் திறந்து பார்த்தாலே போதும்.

அதே வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வைப் பாஸ் செய்ய வேண்டும். எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு. அதாவது கதவோர மேசைக்கு மட்டும். மறுநாளிலிருந்து அந்த மேசையில் சாம்பார் கிண்ணங்களுக்கு நடுவே டெட் கைடு. பிள்ளைகள் முன்னால் நான் குறை சொன்ன கணக்கு டீச்சர் இப்போது இருபத்தொரு வருட சர்வீஸோடு பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர்களை மனப்பாடம் செய்கிறார். தகுதி பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மோசமான ஆசிரியர்களை எனக்குத் தெரியும், டெட் பாஸ் செய்தவர்களிலும். ஆனால் அந்த டீச்சர் இந்த வருடம் முதல் குழுவுக்குத் தானாகக் கேட்டு வந்தவர். காய்கறிக் கடைக் கணக்கை வைத்து எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய தகுதியைப் பார்க்க வேண்டுமானால் காலை 9.30-க்கு அந்த அறைக்குள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரியும்.

ஒளிவிளக்குப் பையன் இப்போது +1, தொழிற்கல்வி, வேளாண் பிரிவு. பத்தாம் வகுப்பில் அறிவியலில் 41. போன மாதம் சைக்கிள் கொடுத்தோம். பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவன், பேனாவைத் தூக்கிக்கொண்டே பத்தியின் தலைப்பை வாசித்துக்கொண்டிருந்தான். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். "சீக்கிரம் போடுடா" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்.

வரும் மே மாதம் மாறுதல் கலந்தாய்வு. சொந்த ஊர்ப் பக்கம் ஒரு இடம் காலியாகிறது, கேட்கலாமா என்று யோசனை. நான் போனால் அடுத்து வருகிறவருக்கு ஒரு டைம்டேபிள் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இதை இயற்பியல் சாரிடம் சொன்னேன். அவர் கரண்ட் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். "அது கிடக்கட்டும் மேடம், அடுத்த வருஷம் எனக்கு ஒன்பதுல பி வேண்டாம், சி கொடுங்க. பி பசங்க ரொம்பக் கேள்வி கேக்கறாங்க" என்றார்.